லாலாங் புல்லுக்குள் 151 உயிர்கள்

பட்டிமன்றத்திற்குத் தலைப்பு கிடைக்காத வேளைகளில் நம் பல்கலைக்கழகத் தமிழ்க் கழகங்களுக்கு எப்போதும் கைகொடுக்கும் ஒரு தலைப்பு உண்டு. ‘மின்னியல் விளையாட்டுகளால் இளையோருக்கு விளைவது நன்மையா, தீமையா?’ தீமை அணியினர் கண்பார்வை, நேர விரயம், தேர்வு மதிப்பெண் என்று அடுக்குவார்கள். நன்மை அணியினர் சிந்தனை ஆற்றல், கைவேகம், ஆங்கிலச் சொல்வளம் என்று பதிலடி கொடுப்பார்கள். நடுவர் ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று தீர்ப்பு வழங்க, அனைவரும் மீஹூன் சாப்பிடப் போய்விடுவோம். இந்த இரண்டு மணி நேரத்தில் எந்த அணியும் எந்த விளையாட்டின் பெயரையும் சொல்வதில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். புத்தகங்களால் நன்மையா தீமையா என்று ஒருவர், ஒரு நூலின் பெயரைக்கூடச் சொல்லாமல் வாதிட்டால் நாம் சிரிக்க மாட்டோமா?

எனவே இக்கட்டுரை ஒரே ஒரு விளையாட்டைப் பற்றியது. போக்கிமோன். தொலைக்காட்சிக் கேலிச்சித்திரமோ, சட்டைகளில் அச்சிடப்படும் மஞ்சள் எலியோ அல்ல. எல்லாவற்றிற்கும் மூலமான அந்தக் கையடக்க விளையாட்டு. 1996 பிப்ரவரி 27-ஆம் நாள் ஜப்பானில் சிவப்பு, பச்சை என்ற இரு பதிப்புகளாக வெளிவந்து, 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் சிவப்பு, நீலம் என்று ஆங்கிலத்தில் வந்தது. நிண்டெண்டோவின் கேம் பாய் என்ற, உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பெட்டியில் ஆடுவது. ஒரு சிறுவன் தன் ஊரிலிருந்து புறப்படுகிறான். உயரமான புல்லுக்குள் நடக்கிறான். புல்லுக்குள்ளிருந்து உயிரினங்கள் எதிர்ப்படுகின்றன. அவற்றைப் பிடிக்கிறான், பழக்குகிறான், மற்றவர்களின் உயிரினங்களோடு மோதவிடுகிறான். மொத்தம் 151 வகை. அவ்வளவுதான் கதை. இந்த முதல் தலைமுறைப் பதிப்புகள் உலகெங்கும் 30 மில்லியனுக்கும் மேல் விற்றன.

விற்பனை ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் காலத்தில் எத்தனையோ பொருள்கள் விற்றுத் தீர்ந்து, இன்று எங்கே என்று தெரியாமல் போய்விட்டன. இது மட்டும் ஏன் போகவில்லை? 2014 பிப்ரவரியில் இணையத்தில் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. ஒரே ஒரு சிவப்புப் பதிப்பு ஓடிக்கொண்டிருக்க, பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ‘மேலே, கீழே, இடப்பக்கம்’ என்று கட்டளையிடலாம். ஒரு மில்லியனுக்கும் மேற்பட்டோர் பங்கெடுத்து, முட்டி மோதி, 16 நாள்களில் விளையாட்டை முடித்தார்கள். 18 ஆண்டுப் பழைமை வாய்ந்த, வண்ணமே இல்லாத ஒரு விளையாட்டு அது! இன்றும் கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குச் செல்லும் கம்யூட்டர் இரயிலில், கைப்பேசியில் அதே சதுரப் புல்லுக்குள் நடந்துகொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்துவிட முடிகிறது.

‘பழைய நினைவுகளின் மயக்கம்’ என்று பலர் இதற்குக் காரணம் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இந்த விளையாட்டு நான் பிறப்பதற்கு முன்பே வெளிவந்தது. அண்ணன் வைத்திருந்த பெட்டியில்தான் நான் முதலில் ஆடினேன். எனக்கு ஏது 1998-இன் நினைவு? என் வயதினர் பலருக்கும் இது பிடித்திருக்கிறது என்றால், காரணம் விளையாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அந்தக் காரணத்தைத் தேடுவதென்றால் தோக்கியோவின் புறநகரான மச்சிடாவுக்குப் போக வேண்டும். போக்கிமோனை உருவாக்கிய சத்தோஷி தஜிரி (பிறப்பு 1965) வளர்ந்த ஊர் அது. வயலும் குளமும் மரங்களும் நிறைந்த அந்த ஊரில் சிறுவன் தஜிரிக்குப் பூச்சி பிடிப்பதுதான் முழுநேர வேலை. நண்பர்கள் அவருக்கு ‘பூச்சி டாக்டர்’ என்றே பெயர் வைத்திருந்தார்களாம். அவர் வளர வளர ஊரும் வளர்ந்தது. குளங்கள் தூர்க்கப்பட்டன, அடுக்குமாடிகளும் கடைத்தெருக்களும் எழுந்தன. பூச்சிகள் போய்விட்டன. 1983-இல் கையால் எழுதிப் படியெடுத்த ‘கேம் ஃப்ரீக்’ என்ற விளையாட்டு இதழைத் தொடங்கிய தஜிரி, 1989-இல் அதே பெயரில் நிறுவனம் அமைத்தார். இனி வரும் பிள்ளைகளுக்குப் புல்லும் பூச்சியும் கிடைக்காது. அவற்றைப் பிடிக்கும் மகிழ்ச்சியையாவது கொடுப்போம் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் போக்கிமோன். அதை முடிக்க ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின.

இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு மச்சிடா நினைவுக்கு வரவில்லை. சுபாங் ஜெயாதான் வந்தது. 1970-களில் சுபாங் ஜெயா எழுவதற்கு முன்பு அந்த இடம் சீஃபீல்ட் தோட்டம். இன்று பண்டார் புக்கிட் ராஜா என்று பலகை நிற்கும் கிள்ளான் பகுதி ஒரு காலத்தில் புக்கிட் ராஜா தோட்டம். ஷா ஆலமில் கிளென்மேரி என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பெயர் ஒரு தோட்டத்தின் பெயர் என்று அங்குள்ள கார்க் கடைகளுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பால்மரமும் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்து வீடுகளில் இருந்த நம் மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். பொருளாதாரக் கணக்கை மற்றவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் இழந்ததை யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தீப்பெட்டிக்குள் இலையை வைத்துச் சிலந்தியை வளர்த்தது, இரண்டு சிலந்திகளைக் குச்சியில் எதிரெதிரே விட்டுச் சண்டை பார்த்தது, லோங்காங்கில் இறங்கிச் சின்ன மீன்களைப் பிடித்துப் புட்டியில் அடைத்தது, ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து நண்பன் கையில் சூடு வைத்தது என்று கண்கள் மின்னச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் இதே தீப்பெட்டிக்குள் பொன்வண்டு இருந்தது. அதற்குத் தீனி போட்டு, அது முட்டையிட்டதா என்று காலையும் மாலையும் திறந்து பார்த்தார்கள். தீப்பெட்டி என்றால் என்ன? உயிரை அடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பெட்டி. போக்கிமோன் பந்து என்றால் என்ன? அதுவேதான். தஜிரி ஜப்பானியச் சிறுவனின் கதையைச் சொன்னார். கேட்ட தோட்டத்துப் பிள்ளைக்கு அது தன் மாமாவின் கதையாக இருந்தது.

உயரமான புல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளையாட்டின் தொடக்கத்தில் ஒரு பேராசிரியர் ஓடி வந்து, ‘புல்லுக்குள் தனியாகப் போகாதே’ என்று சிறுவனைத் தடுக்கிறார். இதை வாசித்த மலேசியத் தமிழ்ப் பிள்ளை எவருக்கும் பாட்டியின் குரல் கேட்டிருக்கும். லாலாங் காட்டுக்குள் போகாதே, பாம்பு இருக்கும்! பாட்டிக்குத் தெரிந்த லாலாங் காடு இன்று கார் நிறுத்துமிடம். பேரனுக்குத் தெரிந்த ஒரே லாலாங் காடு அந்தத் திரைக்குள் இருக்கிறது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. இந்த விளையாட்டை ஒருவர் தனியாக முடிக்கவே முடியாது. அது தெரியாமல் நேர்ந்த குறையல்ல, திட்டமிட்டே அப்படிச் செய்திருக்கிறார்கள். சிவப்புப் பதிப்பில் இருக்கும் சில உயிரினங்கள் நீலத்தில் இல்லை. நீலத்தில் இருப்பவை சில சிவப்பில் இல்லை. தொடக்கத்தில் மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். பிறகு இரண்டு புதைபடிவங்களில் ஒன்றைத்தான் எடுக்கலாம். ஆக, 151-ஐயும் சேர்க்க வேண்டுமென்றால் இன்னொருவர் வேண்டும், அவரிடம் மற்றப் பதிப்பு இருக்க வேண்டும், இரண்டு பெட்டிகளையும் இணைக்க ஒரு கம்பி வேண்டும். கேம் பாயின் இணைப்புக் கம்பியைப் பார்த்ததும், அதன் வழியே பூச்சி ஒன்று ஊர்ந்து போவதுபோல் தனக்குத் தோன்றியதாகத் தஜிரி சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் அந்தக் கம்பியைப் போட்டிக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்படுத்தினார்.

அதிலும் நுட்பமான ஓர் ஏற்பாடு உண்டு. கடாப்ரா, மஷோக், கிராவலர், ஹான்டர் என்ற நான்கு உயிரினங்கள், எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் உங்கள் கையில் இருக்கும்வரை கடைசி வளர்ச்சியை அடைவதில்லை. வேறொருவருக்குக் கொடுத்த கணத்தில்தான் உருமாறுகின்றன. அதைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் வாங்கியவர் நேர்மையானவராக இருக்க வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவன் தன்னிடமிருக்கும் மிகச் சிறந்ததை, நாளை தருவேன் என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பிக் கொடுக்கிறான். நன்னெறிக் கல்விப் பாடநூலில் ‘நம்பிக்கை’ என்று ஒரு பாடம் இருந்தது. இதற்கு முன் அது எம்மாத்திரம்!

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் மாணவருக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தியல்ல. அதுவரை வகுப்பில் எல்லாரும் ஒரே மொழி பேசியவர்கள். திடீரென்று பத்துப் பதினைந்து பள்ளிகளிலிருந்து வந்த மலாய், சீன நண்பர்கள். புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு வருபவர்களுக்கு வயதும் ஓராண்டு கூடுதல். உணவு நேரத்தில் யார் எந்த மேசையில் உட்காருவது என்பதே பெரிய கேள்வி. அப்படிப்பட்ட இடத்தில், ‘உன்னிடம் நீலப் பதிப்பு இருக்கிறதா?’ என்று கேட்பதற்கு ஒரு காரணம் கிடைப்பது சின்ன உதவியல்ல. 500 காசு கொடுத்து வாங்கிய ஒன்றுக்கும் உதவாத கெண்டைமீன் மேஜிகார்ப், 20-ஆம் படிநிலையில் கியாரடோஸ் என்ற பெரும் நாகமாக மாறுவதைப் பார்த்துத் தமிழ் மாணவர் வியக்கலாம். பக்கத்திலிருக்கும் சீன நண்பர் வியக்க மாட்டார். நீர்வீழ்ச்சி வாயிலைத் தாண்டிய கெண்டை கடல்நாகமாகும் என்பது அவர் வீட்டுப் பாட்டி சொல்லும் பழங்கதை. அவர் அதைச் சொல்ல, நாம் கேட்க, மணியடித்துவிடும்.

இங்கே ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. 2016 ஆகஸ்டு 6-ஆம் நாள் போக்கிமோன் கோ மலேசியாவுக்கு வந்தது. கே.எல்.சி.சி. பூங்காவில் கைப்பேசியும் கையுமாக நின்ற கூட்டத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டோம். அத்தனை பேர் ஓரிடத்தில் நின்றார்கள். ஆனால் ஒருவருக்கு மற்றவர் தேவைப்படவில்லை. ஒருவரோடு ஒருவர் மாற்றிக்கொள்ளும் வசதியே 2018 ஜூனில்தான் சேர்க்கப்பட்டது. கூட்டம் கலைந்ததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1989-இல் வந்த கேம் பாய் அந்தக் காலத்திற்கே ஏழ்மையானது. திரையில் நான்கே நான்கு சாயல்கள். அதே காலக்கட்டத்தில் அட்டாரியும் சேகாவும் வண்ணத் திரையோடு கையடக்கக் கருவிகளை வெளியிட்டன. அவை ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாய் நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்திற்கு மேல் ஓடியது. பழகிப் போன மலிவான தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்து என்பது அதை வடிவமைத்த குன்பெய் யோக்கோயின் கொள்கை. பேட்டரி வாங்கித் தருமாறு வீட்டில் கேட்டு நின்ற எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கொள்கையின் அருமை தெரியும். திரையில் இருப்பது பத்துப் பதினைந்து கறுப்புப் புள்ளிகள். மீதியை நம் மனம் வரைகிறது. சிறுகதை வாசிப்பவர்களுக்கு இது புதிதல்லவே.

இனிப் பெயர்களுக்கு வருகிறேன். தமிழ்மொழிக் கழக இதழில் இந்த விளையாட்டைப் பற்றி எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

போக்கிமோன் அடிப்படையில் ஒரு பெயர்ப் பட்டியல். 151 பெயர்களையும் வரிசை மாறாமல் ஒப்பிக்கும் எட்டு வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள், இருக்கிறார்கள். யாரும் அடித்து மனப்பாடம் செய்யவைக்கவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை அடுக்கினார். அந்தப் பட்டியலை நாம் தேர்வுக்காகப் படித்து, தேர்வு முடிந்ததும் காந்தளையும் செங்காந்தளையும் தவிர மற்றவற்றை மறந்தோம். பிள்ளைகளுக்குப் பட்டியல் கசக்கும் என்று யார் சொன்னது? பெயருக்குப் பின்னால் ஓர் உயிர் இருந்தால், அது எங்கே வாழும், எதற்கு அஞ்சும், எதை வெல்லும் என்று தெரிந்தால், பட்டியல் கசப்பதில்லை.

மேலும், இந்த விளையாட்டில் உயிரினம் வளரும்போது அதன் பெயரும் மாறுகிறது. கேட்டர்பி என்ற புழு, மெட்டபாட் என்ற கூட்டுப்புழுவாகி, பட்டர்ஃப்ரீ என்ற வண்ணத்துப்பூச்சியாகிறது. மூன்று பருவங்கள், மூன்று பெயர்கள். இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். ஒரு பூவுக்குத் தமிழ் ஏழு பருவப் பெயர்கள் வைத்திருக்கிறது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலைக்கும் உண்டு. தொல்காப்பிய மரபியல், இளமைப் பெயர்களை மட்டும் ஒன்பதாக வகுக்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எந்த உயிரின் குஞ்சை எந்தச் சொல்லால் அழைக்கலாம் என்றும் வரையறை செய்கிறது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துவதும் அதே இயல்தான். புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை ஈரறிவு, எறும்பு மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு என்று அது போகிறது. தஜிரியின் கையேட்டுக்கும் இந்த இயலுக்கும் நோக்கம் வேறு. ஆனால் உயிர்களை வகுத்துப் பெயரிட்டுப் பார்க்கும் மகிழ்ச்சி ஒன்றே என்பது என் எண்ணம்.

வேதனை என்னவென்றால், பூவின் ஏழு பருவங்களை நாம் மேடையில் பெருமை பேசுவதற்கு மட்டுமே வைத்திருக்கிறோம். ‘உலகில் வேறெந்த மொழியில் இப்படி உண்டு?’ என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டு இறங்குகிறோம். எந்தத் தமிழ்ப் பிள்ளையும் இதுவரை ‘முகை’யை ‘மலர்’ ஆக்குவதற்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டதில்லை. சொல் பழக வேண்டுமானால் அது விளையாட்டுக்குள் புழங்க வேண்டும். பிள்ளையின் ஓய்வு நேரம் முழுவதும் வேறு மொழியில் நடக்க, தமிழ் மட்டும் பயிற்றிப் புத்தகத்திலும் சொற்போட்டியிலும் நின்றால், அதைத் தேர்வு முடிந்ததும் கழற்றி வைக்கும் சீருடையாகத்தானே பிள்ளை நினைக்கும்?

போக்கிமோனில் குரல் கிடையாது. எல்லாமே எழுத்து. பத்து வயதில் அந்த எழுத்தையெல்லாம் நான் அகராதியில்லாமல் ஆங்கிலத்தில் வாசித்தேன். என் ஆங்கிலம் வளர்ந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. பட்டிமன்ற நன்மை அணி சொல்வது பொய்யல்ல. ஆனால் என் மகிழ்ச்சியின் மொழி எதுவென்று தீர்மானமானதும் அப்போதுதான். அண்ணன் தன் சார்மெண்டருக்கு ‘வேலு’ என்று பெயர் வைத்திருந்தார். ரோமன் எழுத்தில்தான் தட்ட முடிந்தது. அந்தப் பெட்டிக்குள் தமிழ் நுழைந்த ஒரே இடம் அது.

மொழிபெயர்ப்பாளர்கள் இந்தப் பெயர்களோடு என்னவெல்லாம் செய்தார்கள் என்பது மொழி மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய ஒன்று. முதுகில் விதையைச் சுமக்கும் உயிரினத்தின் ஜப்பானியப் பெயர் ஃபுஷிகிதானே. ‘விந்தையான விதை’ என்றும் பொருள், ‘விந்தையாக இருக்கிறதே’ என்றும் பொருள்; சிலேடை. ஆங்கிலத்தில் அது பல்பசார் ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பல்பிசார் என்று, ‘விந்தை’ என்னும் தங்கள் சொல்லை உள்ளே வைத்துக் கட்டினார்கள். ஜெர்மானியர்கள் வேறு பெயர் வைத்தார்கள். வெங்காயத்தாளை ஏந்தி நிற்கும் ஒரு வாத்து உண்டு. வாத்துக்கறிக்கு வெங்காயத்தாள் தேவை. வாத்தே அதைச் சுமந்துகொண்டு வந்தால் எப்படி இருக்கும் என்ற ஜப்பானியப் பழமொழிதான் அதன் பெயர். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் அந்தப் பழமொழியைக் கொண்டுவர முடியாமல், ‘நம்ப முடியாத கதை’ என்ற பொருளில் ஃபார்ஃபெட்ச்ட் என்று வைத்துவிட்டார். தமிழரிடம் கொடுத்திருந்தால் தடுமாற்றமே இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பதை நாம் நாள்தோறும் சொல்கிறோமே! ‘பால்நழுவி’ என்றொரு வாத்து நன்றாகத்தான் இருந்திருக்கும்.

எல்லாமே எளிது என்று சொல்ல வரவில்லை. ஆங்கிலத்தில் பாம்பைக் குறிக்கும் சொல்லைத் திருப்பிப் போட்டு எக்கன்ஸ் என்று ஒரு பாம்புக்குப் பெயர் வைத்தார்கள். தமிழில் பாம்பைத் திருப்பிப் போட்டால் ‘பும்பா’.  சாரையைத் திருப்பினால் ‘ரைசா’. ரகரம் மொழிக்கு முதலில் வராது, ‘இரைசா’ என்று எழுது என்று தொல்காப்பியர் பிரம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். போகட்டும், இரைசா நல்ல பெயர்தான்.

இந்தத் தொடரின் முதன்மை விளையாட்டுகள் பல ஐரோப்பிய மொழிகளில் வந்தன, கொரிய மொழியில் வந்தன, 2016 முதல் சீனத்திலும் வருகின்றன. தமிழில் வந்ததில்லை. மலாயிலும் இல்லை. சந்தை சிறியது என்று நிறுவனம் நினைப்பதில் வியப்பில்லை. அவர்களிடம் மனு கொடுப்போம் என்பது என் வாதமும் அல்ல. நம் கையில் இருப்பதை நாம் ஏன் செய்யவில்லை என்பதுதான் கேள்வி. கையடக்கக் கருவியில் தமிழ் வந்த வரலாற்றில் மலேசியாவுக்குத் தனி இடம் உண்டு. இந்நாட்டவரான முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 2005-இல் அவருடைய செல்லினம் வழியே கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. உள்ளங்கைக்குள் தமிழ் எழுத்து வந்துவிட்டது. உள்ளங்கைக்குள் தமிழ் விளையாட்டு மட்டும் ஏன் வரவில்லை?

செலவு அதிகம் என்று சொல்ல முடியாது. கேம் பாய்க்கு விளையாட்டு செய்வதற்கென்றே ஜிபி ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் 2019-இல் வெளிவந்தது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் அதில் ஒரு சிறு ஊரை உருவாக்கிவிடலாம். உண்மையான சிக்கல் எழுத்துருவில்தான். கேம் பாய்த் திரை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களால் ஆனது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தில் அடங்கிவிடும். ஜப்பானியர்கள்கூட 1996-இல் சீன எழுத்துகளை விட்டுவிட்டுத் தங்கள் ஒலியெழுத்துகளை மட்டுமே பயன்படுத்தினார்கள். தமிழில் ‘ட’வும் ‘ப’வும் பிரச்சினை செய்யாது. ‘ண’வுக்கு மூன்று சுழிகளை எட்டுப் புள்ளிகளுக்குள் எப்படி வரைவது? அதற்கு இரண்டு கட்டங்கள் கொடுக்க வேண்டும். ‘கொ’ என்றால் மூன்று. இருந்தாலும் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி வடிவம் தேவையில்லை. உகர, ஊகார வரிசைகளையும் சில இகர வடிவங்களையும் தவிர மற்றவற்றைத் துணையெழுத்துகளைச் சேர்த்தே கட்டிவிடலாம். கணினித் துறை நண்பர்களும் தமிழ்த் துறை நண்பர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒரு விடுமுறைக்குள் முடியும் வேலை.

நிலப்படமும் தயார். ஐந்திணையும் அவற்றின் கருப்பொருளும் உயிரினம் வாழும் இடம் சொல்லும் ஏற்பாடுதானே? கெந்திங் மலைச்சாரல் குறிஞ்சி. தஞ்சோங் காராங் வயல்வெளி மருதம்; அங்கே நாரையும் நீர்நாயும். கிள்ளான் துறைமுகம் நெய்தல், சுறா அங்கே. மிஞ்சியிருக்கும் காடுகள் முல்லை. நாள்தோறும் மழை பெய்யும் சிலாங்கூரில் பாலைக்கு எங்கே போவது என்று நண்பர் ஒருவர் மடக்கினார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொல்லியிருக்கிறாரே. மரங்களை வெட்டி, லயங்களை இடித்து, வீடமைப்புக்காக மட்டம் தட்டி, நண்பகல் வெயிலில் வெறிச்சோடிக் கிடக்கும் செம்மண் வெளியை நெடுஞ்சாலை ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். கதாநாயகன் அல்லது நாயகி புறப்படும் ஊர் பிரிக்ஃபீல்ட்ஸாக இருக்கலாம். இரயில்வேயில் வேலை பார்த்த நம் பெரியவர்கள் குடியிருந்த அந்த வட்டாரத்தில், பழைய இரயில் பணிமனை நிலத்தின்மீதுதான் 2001-இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. அங்கிருந்து எல்லாத் திணைக்கும் இரயில் உண்டு, பாலை உட்பட.

உயிரினங்கள் 151 வேண்டாம். போக்கிமோன் இன்று 1,000-ஐத் தாண்டிவிட்டது; பெயரே நினைவில் நிற்பதில்லை. நமக்கு 30 போதும். ஒவ்வொன்றுக்கும் பருவப் பெயர்கள் வேண்டும், அவற்றில் நான்காவது கைமாறினால்தான் வளர வேண்டும். முதல் உயிரினமாகப் பொன்வண்டை வைக்கலாம் என்று இருக்கிறோம். அதன் முட்டைக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் தோட்டப்புறத்தில் என்ன பெயர் சொன்னார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, தெரிந்தவர்கள் கழக அறைப் பலகையில் எழுதிவிட்டுப் போகவும்.